ஆறாவது பீடத்தின் முகம்

6 ஆகஸ்ட் 2024, செவ்வாய்

திருத்தம்: நேற்றைய பக்கத்தில் பூங்காவில் ஆறு எழுத்தாளர் சிலைகள் இருப்பதாக எழுதியிருக்கிறேன். இன்று மில் விட்டு வரும் வழியில் இறங்கி எண்ணிப் பார்த்தேன். ஐந்துதான். ஆறாவதாக நான் எண்ணியது நீலத் தார்ப்பாய் சுற்றிய வெறும் பீடம். தார்ப்பாய் காற்றில் உப்பியிருந்ததால் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தபோது உள்ளே யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் தெரிந்திருக்கிறது.

நாட்குறிப்பில் முந்தின நாள் தவற்றை முதலில் எழுதிவிட்டுத்தான் அன்றைய செய்தியைத் தொடங்க வேண்டும் என்பது, வேலைக்குப் போகிறவர்கள் படிக்கும் எங்கள் மாலைத் தமிழ் வகுப்பில் ஆசிரியர் வைத்த விதி. மற்றவர்கள் இரண்டு வாரத்தில் விட்டுவிட்டார்கள். என்னால் விட முடியவில்லை. பகலில் நூற்பாலை ஸ்டோரில் பேரிங்கும் பெல்ட்டும் எண்ணி எழுதுகிறேன். எண்ணியதைத் திரும்ப எண்ணாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

அந்த வெறும் பீடம் இன்று மாலை எங்கள் வகுப்பின் பொறுப்புக்கு வந்தது. பூங்காவில் சிலை வைக்கும் குழுவுக்கு லாரி புக்கிங் ஆபீஸ் நல்லுசாமி தலைவர். ஐந்து சிலைகளும் பாடப் புத்தகத்தில் வருகிற பெரிய எழுத்தாளர்கள். ஆறாவது நம் மாவட்டத்து எழுத்தாளராக இருக்கட்டும், பிள்ளைகளே சொல்லட்டும் என்று நல்லுசாமி எங்களிடம் விட்டார். நான் சவேரியம்மாள் பெயரைச் சொன்னேன். சேவுகம்பட்டியில் பிறந்து நிலக்கோட்டையில் பூக்கட்டிப் பிழைத்தவர். பதினான்கு கதைகள், ஒரே புத்தகம். 1979இல் நாற்பத்தோரு வயதில் இறந்துவிட்டார். அந்தப் புத்தகத்தை நூலகத்தில் எடுத்தபோது, இருபத்தாறு வருடங்களாக அதை யாரும் எடுக்கவில்லை என்பது உள்ளே ஒட்டியிருந்த தேதிச் சீட்டில் தெரிந்தது.

எனக்கு நின்று பேச வராது. மலர்விழிதான் எனக்காக எழுந்து பேசினாள். அவள் வகுப்புத் தலைவி, ஜெராக்ஸ் கடையில் வேலை. என் பெஞ்சில், என் இடப்பக்கம். "அஞ்சும் ஆம்பளைச் சிலை. ஆறாவதும் மீசையா வேணும்? பூக்கட்டுன கையில பேனா பிடிச்ச பொம்பளை சார். இவளை விட்டா வேற யாரு?" என்றாள். எல்லோரும் கை தூக்கினார்கள். அவள் இரண்டு கையையும் தூக்கினாள்.

நாளை: சிலை செய்யும் ஆண்டனிராஜ் அண்ணனைத் தாடிக்கொம்பு சாலைப் பட்டறையில் பார்க்க வேண்டும்.


11 ஆகஸ்ட், ஞாயிறு

திருத்தம்: நேற்று 'லூர்துமேரி' என்று எழுதினேன். பெயர் லூர்தம்மாள்.

சவேரியம்மாளுக்குப் புகைப்படம் கிடையாது. புத்தகத்திலும் இல்லை. குடும்பத்தில் இருந்த ஒரே படம் 77ஆம் வருட மழையில் சுவரோடு போய்விட்டது. இதை ஆண்டனிராஜ் அண்ணனிடம் பயந்துகொண்டே சொன்னேன். அவர் சிமென்ட் கையைத் துடைத்துக்கொண்டு, "இதுக்கா இம்புட்டு யோசனை? ரத்தச் சொந்தத்துல ஜாடை உள்ள ஆளைக் கூட்டியாங்க. அவங்களை உட்கார வச்சு மண்ணுல முகம் பிடிப்போம். வயசைக் கூட்டிக் குறைக்கிறது என் பாடு. எங்கப்பா காலத்துல இருந்து படம் இல்லாதவுகளுக்கு இப்படித்தான்" என்றார்.

உடம்பைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. பூங்காவில் இருக்கிற ஐந்து பேருக்கும் சேர்த்து உடம்பு இரண்டுதான்: துண்டு போட்டு உட்கார்ந்த அச்சு ஒன்று, கையில் புத்தகத்தோடு நிற்கும் அச்சு ஒன்று. பெண் உடம்புக்கும் ஒரு அச்சு வைத்திருக்கிறார். தலை மட்டும்தான் ஒவ்வொருவருக்கும் தனி.

லூர்தம்மாள் சவேரியம்மாளின் ஒரே மகள். ஐம்பத்தெட்டு வயது. நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் மல்லிகையைப் பெட்டியில் அடைத்து வேன் ஏற்றுகிற வேலை. அம்மா சாகும்போது அவருக்குப் பதின்மூன்று வயது. ஜாடைக்கு அவரையே உட்கார வைக்கலாமா என்று நான் மூன்று பேரிடம் கேட்டு எழுதி வாங்கினேன். மூவரும் சவேரியம்மாளை நேரில் பார்த்தவர்கள். மூவருமே, அச்சு அசல் அவள்தான், அந்தக் கன்னமும் முன்பல் சந்தும் அப்படியே இறங்கியிருக்கின்றன என்றார்கள்.

இன்று காலைப் பூசை முடிந்து பஸ்ஸில் வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தவரால் ஒரு நிமிடம்கூடப் பேசாமல் இருக்க முடியவில்லை.

"வாயை அசைக்காதீங்கம்மா, கன்னம் ஓடுது" என்றார் ஆண்டனிராஜ்.

"வாயை மூடுன்னா எப்படிப்பா? மார்க்கெட்டுல கத்திப் பொழைச்சவ நான். பொணமாக் கெடந்தாத்தான் சும்மா இருப்பேன்."

"அப்ப செத்த நேரம் பொணமா இருங்க."

"இரு, எந்திரிச்சு வந்து உன் கன்னத்தைப் பிடிக்கிறேன்."

நான் சிரித்துவிட்டேன். ஆண்டனிராஜ் அண்ணனும் சிரித்தார். அப்புறம் லூர்தம்மா தானாகவே பேச்சை நிறுத்திவிட்டு, ரொம்ப நேரம் கழித்து, உதடு அசையாமல் சொன்னார்: "எங்காத்தா மொகம் எனக்கு மறந்து போச்சு தாயி. கை ஞாபகம் இருக்கு. நார் அறுத்த தடம் ஞாபகம் இருக்கு. மொகம் வர மாட்டேங்குது. யாருகிட்டயும் சொல்லல. பெத்தவ மொகம் மறந்து போச்சுன்னு எப்படிச் சொல்றது?"

நாளை: அடுத்த ஞாயிறு மில்லில் ஓவர்டைம் வேண்டாம் என்று சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும்.


21 ஆகஸ்ட், புதன்

திருத்தம்: நேற்றைய பக்கத்தில் தேதியே போடவில்லை.

குழுவுக்கு ஒரு கடிதம் வேண்டும் என்று மலர்விழி சொன்னாள். புகைப்படம் இல்லை என்பதைத் தேடியவரே எழுதிக் கையெழுத்திட வேண்டுமாம். வகுப்பு தொடங்குமுன் எழுதினேன். இரண்டு பத்தி.

முதல் பத்தி: எழுத்தாளர் சவேரியம்மாளின் புகைப்படம் எங்கு தேடியும் கிடைக்கவில்லை. அவருடைய முகம் இப்படித்தான் இருந்தது என்று உறுதிசெய்ய ஆவணம் எதுவும் இல்லை.

இரண்டாம் பத்தி: எனவே அவருடைய மகள் லூர்தம்மாளை மாதிரியாக வைத்து முகம் செய்யப்படுகிறது. சவேரியம்மாளை நேரில் கண்ட மூவர் இந்தச் சாயலை ஏற்றிருக்கிறார்கள்.

மலர்விழி படித்துவிட்டு, "ஏண்டி நாகஜோதி, இது கடிதமா, கதையா? லாரி ஆபீஸ்ல உட்கார்ந்து ரெண்டு பத்தி படிக்கிற ஆளா அவரு? முதல் பத்தி போதும். மக முகம், மூணு சாட்சி, அதெல்லாம் கல்வெட்டுல போடுவோம். அங்கதான் அதுக்கு மரியாதை" என்றாள். எனக்கும் சரி என்றுதான் பட்டது. எப்போதுமே நான் நீட்டி எழுதுகிறேன் என்று ஆசிரியரும் சொல்லியிருக்கிறார். முதல் பத்தியை மட்டும் வேறு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மலர்விழி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அவள் முகத்தில் களைப்பு தெரிந்தது. வகுப்பு நடக்கும் மாடி அறையை செப்டம்பர் பதினைந்துக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வேறு அறைக்கு அவள்தான் அலைகிறாள். நான் ஒரு இடமும் விசாரிக்கவில்லை என்பது வெட்கமாக இருந்தது. டிபன் பாக்ஸில் இருந்த பூரியில் இரண்டை அவளுக்குக் கொடுத்தேன்.

நாளை: அறை பற்றி மில் கேண்டீனில் கேட்டுப் பார்க்க வேண்டும்.


1 செப்டம்பர், ஞாயிறு

திருத்தம்: மண் முகம் மூன்று ஞாயிற்றில் முடியும் என்று எழுதியிருந்தேன். நான்கு ஆகிவிட்டது.

இன்று முடிந்தது. ஆண்டனிராஜ் அண்ணன் ஈரத்துணியை எடுத்தார். லூர்தம்மாவின் முகம்தான். ஆனால் இருபது வயது குறைந்து, கொண்டை உச்சியில் ஏறி, கழுத்து மெலிந்து. லூர்தம்மா நான்கு ஞாயிறும் உட்கார்ந்த அதே ஸ்டூலின் விளிம்பில் உட்கார்ந்து பார்த்தார். கண்ணாடியில் தன்னைப் பார்க்கிறவரைப்போல் இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அவர் தன்னைப் பார்க்கவில்லை.

"இதுதான்" என்றார். "இந்த மோவாயை எம் மண்டையில வச்சுக்கிட்டுத்தான் எனக்குப் பேன் பார்க்கும். இப்ப வந்துருச்சு தாயி. இப்ப முழுசா வந்துருச்சு."

முகத்தின் மேல் கை வைக்கப் போனார். ஈரம் என்று ஆண்டனிராஜ் தடுத்தார். காற்றிலேயே தடவினார்.

போன் எடுத்தேன். ஆண்டனிராஜ் அண்ணன் கையால் மறைத்தார். திரை விலகுமுன் மண் முகத்தைப் படம் எடுக்க அவர் யாரையும் விடுவதில்லை. "ஒருத்தி வாட்ஸாப்புல போடுவா, ஊரே மூக்குச் சரியில்ல, காது சரியில்லன்னு வரும். அப்புறம் நான் எந்த மூக்கை வைக்க? திறக்கிற அன்னைக்குப் பாத்துக்கங்க." விதி என்றால் விதி. போனைப் பைக்குள் வைத்தேன்.

லூர்தம்மா பஸ் ஏறும்போது, "அன்னைக்கு வேன் பிடிச்சு வாரோம். மாலை நானே கட்டுறேன். ஒருத்தரையும் தொட விடமாட்டேன்" என்றார்.

நாளை: கல்வெட்டு வாசகத்தை மலர்விழியிடம் கேட்டு ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.


15 செப்டம்பர், ஞாயிறு

திருத்தம்: கல்வெட்டு வாசகத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று ஒன்றாம் தேதி எழுதினேன். நான்கு முறை கேட்டேன். அச்சில் இருக்கிறது, வெட்டிக்கொண்டிருக்கிறார்கள், வந்ததும் காட்டுகிறேன் என்று மலர்விழி மாற்றி மாற்றிப் பதில் சொன்னாள். நான் விட்டுவிட்டேன்.

காலை பத்து மணிக்குத் திறப்பு. நிலக்கோட்டையிலிருந்து பூ ஏற்றும் வேனிலேயே இருபத்திரண்டு பேர் வந்து இறங்கினார்கள். எல்லோர் மேலும் மல்லிகை வாசம். லூர்தம்மா மாலையை வாழை இலையில் சுற்றி இரண்டு கையிலும் குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்தியிருந்தார். நாற்காலிகள் நிறைந்துவிட்டதால் அவர்களை ஐந்தாவது சிலைக்குப் பக்கத்தில் நிற்க வைத்தேன். முன் வரிசை முழுக்க நல்லுசாமி வீட்டார். எழுத்தாளர் சிலைத் திறப்புக்கு ஏன் இத்தனை பேர் பட்டுப்புடவையில் என்று ஒரு கணம் தோன்றியது. குழுத் தலைவர் வீட்டார் அப்படித்தான் வருவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நல்லுசாமி கயிற்றை இழுத்தார். துணி விழுந்தது.

பருத்த வட்ட முகம். இரண்டு மூக்கிலும் மூக்குத்தி, தோள்வரை தொங்கும் காது. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கையில் புத்தகம். கீழே கல்லில் 'எழுத்தாளர் சவேரியம்மாள்' என்று பெயர் மட்டும்.

முன் வரிசையில் ஒரு பெண், "அம்மா!" என்று கத்தி அழுதார். நல்லுசாமியும் துண்டால் கண்ணைத் துடைத்தார். மைக்கில் சொன்னார்: "இந்த எழுத்தாளர் அம்மாவுக்குப் படம் இல்ல. முகம் தெரியாதுன்னு நம்ம பிள்ளைங்களே எழுதிக் குடுத்திருக்காங்க. என்னைப் பெத்த சோலையம்மாளும் கஷ்டப்பட்டவதான். முகம் இல்லாத தாய்க்கு எங்க தாய் முகத்தைக் குடுத்திருக்கோம்." கை தட்டினார்கள்.

லூர்தம்மா என் பக்கம் திரும்பினார். "இது யாரு தாயி?"

அதற்குள் முன் வரிசையிலிருந்து அழுத அந்தப் பெண் கையை நீட்டிக்கொண்டே வந்தார். "பூக்காரம்மா, மாலை கொண்டாந்துட்டீங்களா? குடுங்க, நேரமாச்சு" என்று லூர்தம்மாவின் கையிலிருந்து இலையோடு வாங்கிக்கொண்டு போனார். லூர்தம்மா கொடுத்துவிட்டார். மார்க்கெட்டில் கேட்டவர்களுக்குப் பூ கொடுத்தே பழகிய கை. ஏணியில் ஏறி மாலையை அந்தக் கழுத்தில் போட்டார்கள். லூர்தம்மாவின் கை இரண்டும் மாலையை ஏந்திய அதே அகலத்தில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றன.

வேனில் வந்த ஆட்களில் ஒருவர், "ஏலே, யாரு மூஞ்சி இது? கேளுங்கலே!" என்று முன்னால் போனார். லூர்தம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "வேண்டாம்பா. அவுக ஆத்தாளப் பாத்து அவுக அழுகுறாக. அழுகுற எடத்துல போய்ச் சண்டை போடக் கூடாது. வா, ஏறு."

மேடைக்குப் பக்கத்தில் மலர்விழி நின்றுகொண்டிருந்தாள். அவள் ஒரு முறைகூட எங்கள் பக்கம் பார்க்கவில்லை.

வேன் கிளம்பும்போது லூர்தம்மா ஜன்னலிலிருந்து என் தலையைத் தொட்டார். "நீ என்ன பண்ணுவ தாயி. சின்னப்புள்ள. உன்னையும் சேத்துத்தான் ஏமாத்திட்டாக."

தலையை மட்டும் ஆட்டினேன்.

நாளை: பட்டறைக்குப் போக வேண்டும். மண் முகம் இருக்கும்.


16 செப்டம்பர், திங்கள்

திருத்தம்: மண் முகம் இருக்கும் என்று எழுதினேன். இல்லை.

மில்லுக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் காலையிலேயே பட்டறைக்குப் போனேன். ஆண்டனிராஜ் அண்ணன் ஏதோ ஒரு தேவதூதச் சம்மனசின் இறக்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்தவில்லை.

"அந்த முகம் எங்கண்ணே?"

"எந்த முகம்?"

"லூர்தம்மா உட்கார்ந்தது."

"மண்ணு ஒண்ணுதான் தாயி. அதையே பிசைஞ்சுதான் பார்க்குல இருக்கிற அம்மாவைப் பண்ணுனேன். அச்சு எடுக்கிறதுக்கு முந்தியே நிறுத்தச் சொல்லிட்டாங்க."

"யாரு?"

அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன் போட்டார். என் கையெழுத்து. ஜெராக்ஸ். "இதோட ஒரு போட்டோவும் கொண்டாந்து குடுத்துச்சு உங்க வகுப்புப் புள்ள, மலரு. நான் கேட்டேன், அந்தம்மா நாலு வாரம் உட்கார்ந்திருக்கு, நாகஜோதி என்ன சொல்லுதுன்னு. அதுதான் எழுதிக் குடுத்திருக்குன்னு சொல்லுச்சு. படிச்சேன். முகம் யாருக்கும் தெரியாதுன்னு நீயே எழுதி, கையெழுத்தும் போட்டிருக்க. எல்லாரும் பேசி முடிவு பண்ணிட்டீங்கன்னு நெனச்சேன். உன் மேலதான் எனக்கு வருத்தம். நேத்தே உன்னைத் திட்டலாம்னு இருந்தேன்."

"அண்ணே, அதுல இன்னொரு பத்தி இருந்துச்சு."

"இதுல இல்லையே தாயி" என்றார். இறக்கையைத் திரும்பத் தேய்க்கத் தொடங்கினார்.

அந்தப் பத்தியை வெட்டிய கை என்னுடையது. மலர்விழி தாளைக் கிழிக்கவில்லை, எதையும் திருத்தவில்லை. போதும் என்று மட்டும் சொன்னாள்.

மாலை வகுப்பு இன்று முதல் புது அறையில். முகவரியை மலர்விழி வகுப்பின் வாட்ஸாப் குழுவில் போட்டிருந்தாள்: நல்லுசாமியின் லாரி ஆபீஸ் மாடி. படி ஏறும்போதே எல்லாம் புரிந்துவிட்டது. மின்விசிறி நான்கு. புதுப் பலகை. பெஞ்சுகளில் வார்னிஷ் வாசம். மலர்விழி எனக்கு இடம் பிடித்துப் பையை வைத்திருந்தாள், அவள் வலப்பக்கம்.

நான் உட்காரவில்லை. "எப்ப இருந்து தெரியும்?" என்றேன்.

"வெளிய வா, பேசலாம்."

"இங்கேயே சொல்லு."

"கத்தாதடி. ஆகஸ்ட் பதினஞ்சாந் தேதி கொடியேத்த வந்தப்பவே அவரு கேட்டாரு. அறை தாரேன், எத்தனை வருசம்னாலும் நடத்துங்க, எங்கம்மா முகம் ஒண்ணு அந்தப் பார்க்குல இருக்கணும்னாரு."

நான் கடிதம் எழுதியது இருபத்தொன்றாம் தேதி. ஆறு நாள். அந்த ஆறு நாளில் இரண்டு வகுப்பு, ஒரு ஞாயிறு. அந்த ஞாயிறு அவளும் பட்டறைக்கு வந்து லூர்தம்மாவுக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தாள். அன்று அவள் அதிகம் பேசவில்லை. தலைவலி என்றாள். நானும் நம்பி மாத்திரை வாங்கி வந்தேன்.

"ஜோதி, இங்க முப்பத்தொரு பேரு படிக்கிறோம்" என்றாள். குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். "பகல் பூரா மில்லு, கடை, ஓட்டல்னு நின்னுட்டு வாரவுக. அறை இல்லைன்னா இன்னைக்கு எல்லாரும் அவுக அவுக வீட்டுக்குப் போயிருப்போம். நீயும்தான். ஒரு பீடத்துல எந்த முகம் இருந்தா என்ன? பேரு அந்தம்மா பேருதானே?"

"லூர்தம்மா நாலு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்துச்சு."

"உட்கார்ந்துச்சு. அது மட்டும் சவேரியம்மா முகமா? அது மக முகம். நீ வச்சதும் பொய்தான், அவரு வச்சதும் பொய்தான். உன் பொய்க்கு மூணு சாட்சி வாங்குன. அம்புட்டுதான் வித்தியாசம்."

எனக்குப் பதில் எப்போதுமே அந்த நேரத்தில் வராது. அவள் சொல்வதில் சரி இருக்கிறதோ என்றுகூட ஒரு நிமிடம் நின்று யோசித்தேன். அதைத்தான் அவளும் எதிர்பார்த்திருப்பாள். நான் யோசிக்கத் தொடங்கினால் சண்டை போடமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். என்னைப் பற்றி அவ்வளவு தெரிந்தவள் வேறு யாரும் இல்லை.

"எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல" என்றேன்.

"கேட்டிருந்தா மாட்டேன்னுருப்ப."

"ஆமா."

"அதான் கேக்கல."

ஆசிரியர் படியேறி வரும் சத்தம் கேட்டது. மலர்விழி பெஞ்சிலிருந்த தன் பையை எடுத்துக்கொண்டு, "உக்காரு" என்றாள். நான் இறங்கி வந்துவிட்டேன். வகுப்புக்குத் திரும்பப் போவேனா என்று தெரியவில்லை. வேறு அறை கிடையாது என்பதும் உண்மைதான். அதை இன்று முடிவு செய்ய வேண்டியதில்லை.

பஸ் ஸ்டாண்டில் பெஞ்சில் உட்கார்ந்து அவளுக்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று இந்த நோட்டின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். மூன்று முறை எழுதி அடித்தேன். நாலாவது முறை வந்தது: பட்டறையில் மண்ணைப் பார்த்து 'இப்ப முழுசா வந்துருச்சு' என்று ஒருவர் சொன்னார். அந்த முகம் சரியா தப்பா என்று சொல்ல உலகத்தில் உரிமை உள்ள ஒரே ஆள் அவர்தான். சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அதைப் பிசைந்துவிட்டோம்.

பிசைந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் எழுதினேன். அடித்துவிட்டு மாற்றினேன்.

லூர்தம்மாவுக்கு இரண்டு விஷயம் தெரியாது. மண் முகமும் இப்போது இல்லை என்பது ஒன்று. அதைப் பிசையச் சொல்லிக் கொடுத்த தாளில் இருப்பது என் கையெழுத்து என்பது இன்னொன்று. நேற்று வேன் ஜன்னலில் அவர் என் தலையைத் தொட்டு உன்னையும் ஏமாற்றிவிட்டார்கள் என்றபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது. அதை எழுதாமல் விட்டால் இந்தப் பக்கமும் ஒரு பத்தி குறைந்த கடிதம்தான்.

மலர்விழியிடமிருந்து இதுவரை நான்கு முறை அழைப்பு. எடுக்கவில்லை.

நாளை: முதல் பஸ்ஸில் நிலக்கோட்டை. லூர்தம்மா பெட்டி அடைக்கும் இடத்துக்கே போக வேண்டும், வேன் கிளம்பிய பிறகு, அவருக்குக் கை ஓயும் நேரத்தில். கடிதத்தின் இரண்டு பத்தியையும் படித்துக் காட்ட வேண்டும். இரண்டாவதை எடுத்தது நான் என்று சொல்ல வேண்டும். மலர்விழி பெயரை அதற்குப் பிறகுதான் சொல்ல வேண்டும்.